மூத்தவனோடு கடலுக்குப் போன புதன்கிழமை

அன்பு மகனுக்கு,

நாளைக் காலை எட்டு மணிக்கு நீ காரைக் கொண்டுபோக வருவாய். ஒன்பதரைக்கு வாகனப் பதிவு அலுவலகத்தில் டெர்மின், சந்திப்பு நேரம் எடுத்தாயிற்று என்று சொல்லியிருந்தாய். நம்பர் தகடுகளைக் கொடுத்து, பதிவை ரத்துச் செய்து, காரை உன் சிநேகிதனின் கொட்டகைக்குள் விட்டுவிடுவதுதான் உன் திட்டம். கதவைத் திறந்ததும் கார்த் திறப்புக்காகக் கையை நீட்டுவாய். நான் இந்தக் கடிதத்தைத் தருவேன். வாசலில் நின்று வாசிக்காதே. குசினியில் தேத்தண்ணி வைத்திருப்பேன், ஆறுதலாக இருந்து வாசி. உன் தமிழ் வாசிப்பு மெல்லத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது நீ என்னோடு சண்டை பிடிக்காத நாளில்லை. அந்தச் சண்டையெல்லாம் வீண்போகவில்லை என்று இன்றைக்குத்தான் நினைக்கிறேன்.

இதை வாயால் சொல்லியிருக்கலாம். நேற்று மாலை நீ வாசலில் நின்று சத்தம் போட்டபோது சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் பயம் வந்தால் ஜேர்மன் வரும், எனக்குப் பயம் வந்தால் பேச்சே வராது. நீ ஜேர்மனில் சத்தம் போட, நான் கைப்பையைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அப்படி நின்ற பெண் சொல்ல நினைத்ததையெல்லாம் இப்போது எழுதுகிறேன். எழுதும்போது எனக்குப் பயமில்லை, கொஞ்சம் தலைக்கனம்கூட இருக்கிறது. அதையும் பொறுத்துக்கொள்.

முதலில் காரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை இப்போது வெறும் இரும்பாகப் பார்க்கிறாய். அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கியபோது நீ என் வயிற்றில் ஆறு மாதம். கார் உன்னைவிட இரண்டு வயது மூத்தது. அதனால்தான் அப்பா அதற்கு 'மூத்தவன்' என்று பெயர் வைத்தார். நீ கதைக்கத் தொடங்கிய காலத்தில் அதை 'அண்ணை' என்று கூப்பிட்டு, அதற்கும் ஒரு பிஸ்கட் கேட்பாய். கேவலார் மாதா கோவிலுக்குக் கொண்டுபோய், சுவாமியார் தீர்த்தம் தெளித்து, மடு மாதாவின் படத்தை முன்னுக்கு ஒட்டிய பிறகுதான் அப்பா அதில் என்னை ஏற்றினார். காருக்கு முப்பது வயது முடிந்து, பழைமை வாய்ந்த வாகனம் என்று எச் எழுத்துப் போட்ட தகடு கேட்டு அவனைக் கொண்டுபோனோமே, நினைவிருக்கிறதா? நீதான் மொழிபெயர்ப்பாளர். பரிசோதகர் குனிந்து நிமிர்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாதா படத்தைக் காட்டி, இதுவும் காரோடு வந்ததா என்று கேட்டார். நீ மொழிபெயர்க்க முதலே அப்பா, "யா, யா, ஒறிகினால்" என்று, அதுவும் அசல்தான் என்று, சொல்லிவிட்டார். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டு எழுதிவிட்டார். திரும்பி வரும் வழியில் அப்பா சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "எங்களை இந்த நாடு ஏற்றுக்கொள்ள ஒன்பது வருசம் எடுத்தது. இவனுக்கு ஒரு காலமைப் பொழுதே போதுமாயிருந்தது." அன்றைக்கு அவர் தன் சொந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்தது போல வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஆனால் இருபத்தைந்து வருடம் நான் அந்தக் காரில் பக்கத்துச் சீட்டில்தான் இருந்தேன். டுசல்டோர்ஃப் கலியாண வீடுகளுக்கும், கேவலாருக்கும், ஏன், ஊன்ட்றொப் அம்மன் தேருக்கும்கூட, மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் வந்தேன். அப்பாவின் கண்ணில் சீனி வியாதி ஏறி, இனி ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொன்ன அன்று, அவர் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். அந்தத் திறப்பை எடுத்து என் முன்னால் வைத்தது நீ. எனக்கு அப்போது ஐம்பத்துநாலு வயது. "அம்மா, நீங்கள் படியுங்கோ" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து இதே குசினி மேசையில் கேள்வித் தாள்களைப் பரப்பி, ஆர் முதல் போகலாம், எந்தச் சந்தியில் ஆர் நிற்கவேணும் என்று கேட்டாய். உப்புப் போத்தலும் மிளகுப் போத்தலும் கார்களாக ஓடின. நான் பிழையாகச் சொன்னால், "அம்மா, உப்பு செத்துப்போச்சு" என்பாய். ஓட்டப் பரீட்சையில் இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் தரம் பாஸ் பண்ணி வெளியே வந்தபோது நீ வேலை உடுப்போடு தெருவில் நின்று கை தட்டினாய். மகன், நான் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பரிசு வாங்கியதில்லை. எனக்காக ஒருவர் தெருவில் நின்று கை தட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

பிறகு நீயே என்னைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கினாய். போன மாதம் கடையின் கார் நிறுத்துமிடத்தில் நான் தூணில் உரசினேன். ஓம், உரசினேன், மறுக்கவில்லை. நீ வந்து கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதிலை எயர்பாக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. இது கார் இல்லை அம்மா, சவப்பெட்டி" என்றாய். உனக்கு அந்தச் சொல்லைச் சொல்ல உரிமை இருக்கிறது. நீ அம்புலன்ஸில் வேலை செய்கிறாய். தெருவில் நசுங்கிக் கிடக்கிற கார்களுக்குள் இருந்து ஆட்களை வெளியே எடுக்கிறாய். சில நாட்களில் இங்கே வந்து ஒன்றும் கதையாமல் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிடுவாய். அப்போது உன் சப்பாத்தைக் கழற்றி வைக்கும்போது நான் ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு எல்லாம் விளங்கும். ஊரார் தங்கள் பிள்ளைகள் டொக்டர், இஞ்சினியர் என்று சொல்லும்போது, நான் என் மகன் ஆட்களைத் தூக்குகிறவன் என்று தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன். இதை உன்னிடம் நேரே சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது அந்தச் சொல்லால் அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நிற்க, நீயும் அப்பாவும் வரவேற்பறையில் இருந்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை டெர்மின். அப்பா தலையாட்டினார். ஓட்டுகிறவள் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் மீனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன், நீங்கள் இரண்டு பேரும் நல்லாயிருக்கு என்று சாப்பிட்டீர்கள்.

அன்றைக்கே தீர்மானித்தேன், வெள்ளிக்கிழமைக்கு முன் ஒருநாள் அவனைக் கொண்டு நான் தனியே தூரப் போய்வருவேன் என்று. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் எனக்குப் புதன்கிழமை லீவு. செவ்வாய்க்கிழமை மாலை அப்பாவிடம் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு நான் கடலுக்குப் போறன்."

அவர் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்திருந்தார். அதை இறக்கவில்லை. "நீரோ? கடலுக்கோ?"

"ஓம். நோர்ட்டைஷுக்கு."

"முப்பது வருசமா நான் கேட்டு வராத கடலுக்கோ? சரி, எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?"

"நாங்கள் இல்லை. நான் தனிய."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பிப்போய்ச் சப்பாத்தைப் போட்டார். நானும் பின்னால் போனேன். கண் சரியாகத் தெரியாத மனிதர், காரின் மூடியைத் திறந்து, எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்து, விரலால் தடவியே அளவு சரி என்றார். ஒவ்வொரு டயராக அமத்திப் பார்த்தார். "குளிரிலை எடுத்தவுடனை இரண்டாம் கியரை அமத்தாதையும். கொஞ்சம் கெஞ்சினால் விழும். பின்னேரம் நாலு மணிக்கு வந்திடுவீரோ?" நான் ஓம் என்றேன். "மகனுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நேற்றைய சண்டைக்கெல்லாம் காரணம், அதற்கு அப்பாவில் கோபிக்காதே.

இனி நான் செய்த முட்டாள்வேலையைக் கேள். ஒரு ஆள் போகிற பயணத்துக்கு முப்பது ரோல்ஸ் பொரித்தேன். விடியக் காலை நாலரைக்கு எழும்பி, மா குழைத்து, இறைச்சிக் கறியை வைத்துச் சுருட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்துப் பெட்டியில் அடுக்கி மூடும்போதுதான் யோசித்தேன், இதை ஆர் சாப்பிடுவது என்று. எனக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. நம் ஆட்களில் ஆருக்குத் தெரியும்? ஆனாலும் பொரித்தது பொரித்ததுதான் என்று பக்கத்துச் சீட்டில் பெட்டியை வைத்துப் பெல்ற்றும் போட்டுவிட்டேன். இருபத்தைந்து வருடம் நான் இருந்த சீட் அது.

முப்பத்தொன்றாம் இலக்க அவுட்டோபானில், அந்த விரைவுச் சாலையில், ஏறினேன். பின்னால் ஒரு பெரிய லொறி வந்தது. நீ கற்றுத்தந்தது போலக் கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலால் பார்த்து, கால் அமத்தி உள்ளே புகுந்தேன். மூத்தவன் ஒருமுறை உறுமினான், பிறகு நூறில் போய்ச் சீராக நின்றான். எல்லாரும் என்னை முந்திக்கொண்டு போனார்கள். போகட்டும். ஒரு மணித்தியாலம் போனபின் என் தோள்கள் இறங்கிவிட்டதைக் கவனித்தேன். எம்டனுக்குக் கிட்ட வானம் பெரிதாகிக்கொண்டே வந்தது, மரங்கள் குறைந்தன, காற்றாலைகள் சுற்றின. நான் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போனேன். ஆரோடு என்று கேட்காதே. 'பாத்தியா, பாத்தியா, வந்திட்டம்' என்று அவனுக்குத்தான் சொன்னேன். மகன், என் பிறப்பில் முதல் தடவையாக ஒருவரும் என்னைக் கொண்டுபோகாமல் நான் தனியே தூர ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய சந்தோசம் என்று உனக்கு விளங்காது, ஏனென்றால் நீ பதினெட்டு வயதிலிருந்து அப்படித்தான் போகிறாய். எனக்கு அறுபத்தொரு வயதில் கிடைத்தது.

பத்தரைக்கு நோர்ட்டைஷ் போய்ச் சேர்ந்து, காரை நிறுத்தி, அணைக்கட்டுக்கு மேலே ஏறிப் பார்த்தேன். கடல் இல்லை. சேறுதான் கண்ணுக்கெட்டின தூரம் வரை பளபளத்துக்கொண்டு கிடந்தது. மன்னாரில் பிறந்த எனக்குக் கடல் கொஞ்சம் உள்ளுக்குப் போய்க் கொஞ்சம் வெளியே வரும் என்று தெரியும். ஆனால் இப்படி ஊரை விட்டே போகிற கடலை நான் கண்டதில்லை. நேரம் பார்த்து வரவேண்டும் என்று ஒரு ஜேர்மன் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடம் நான் அதைப் பார்க்காமல் இருந்தேன், நான் வந்த அன்று அது வீட்டில் இல்லை.

காருக்குத் திரும்பி வந்தால், ஒரு வயதான மனிதர் குனிந்து நம்பர் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மடக்குக் கதிரையில் அவருடைய மனைவி. இந்த அழகான கார் உங்களுடையதா என்று கேட்டார். இது என் மூத்த மகன் என்று ஜேர்மனில் சொல்லிவிட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு நான் உடைந்த ஜேர்மனில் கதை முழுவதையும் சொல்ல, அவர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்தான் சொன்னார், கடல் மூன்று மணிக்குப் பிறகுதான் திரும்பி வரும் என்று. மூன்று மணிக்கு நான் திரும்பும் வழியில் பாதியில் இருக்கவேண்டியவள். ரோல்ஸ் பெட்டியைத் திறந்தேன். அந்த மனிதர் ஐந்து சாப்பிட்டார். அவர் மனைவிக்கு உறைப்பில் விக்கல் எடுத்தது, ஆனாலும் இரண்டாவதையும் எடுத்தாள். நான் அவர்களோடு இருந்து துறைமுகத்தைப் பார்த்தேன். தீவுக்குப் போகிற கப்பல் அங்கே இருந்துதான் வெளிக்கிடும். வெள்ளையாக, நாலு மாடி வீடு போல, உள்ளே கார்களையும் ஏற்றிக்கொண்டு, ஆழமாக வெட்டிவிட்ட வாய்க்காலால் அசையாமல் போனது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மேல்தட்டில் நின்று கை காட்டினார்கள். கையில் எடுத்த ரோலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

அந்தக் கப்பல்தான், மகன். நீ ஆறாம் வகுப்பில் போகாத கப்பல்.

அப்போது வீட்டுக்கு வருகிற எல்லாக் கடிதங்களையும் நீதான் திறப்பாய். விசா அலுவலகக் கடிதம், மின்சாரக் கடிதம், அப்பாவின் வேலைக் கடிதம், உன் பள்ளிக்கூடத்துக் கடிதம், எல்லாம். சோறு சாப்பிட முன்னம் மேசையில் இருந்து வாசித்து, எங்களுக்குத் தமிழில் சொல்லுவாய். எந்த டெர்மினுக்கும் நீதான் எங்கள் வாய். பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு வீட்டின் பாரத்தை வைத்தோம் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை, கெட்டிக்காரன் என்று பெருமைதான் பட்டோம். ஒருநாள் வகுப்புச் சுற்றுலாக் கடிதம் வந்தது. ஐந்து நாள், கடலோரத் தீவு. நீ வாசித்து வாசித்துச் சொன்னாய். 'கப்பலில் போவோம்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாய். எனக்குக் கடலென்றால் பயம் என்று உனக்குத் தெரியும். நீ 'பஸ்ஸிலை போறம்' என்று சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் நீ "கப்பலிலை, அம்மா" என்று உள்ளதைச் சொன்னாய். நான் கையெழுத்துப் போடவில்லை. அது போதாதென்று, உனக்குக் காய்ச்சல் என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். எனக்கு ஜேர்மன் எழுத வராது. உன் பொய்யை உன் கையாலேயே எழுதவைத்தேன். நீ எழுதினாய், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த ஐந்து நாளும் நீ வீட்டில் இருந்தாய்.

எனக்கு ஏன் பயம் என்று நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. சண்டைக்குப் பயந்து மன்னாரில் இருந்து நாங்கள் இந்தியாவுக்குப் படகில் ஏறின அன்று, எங்களுக்குப் பின்னால் இன்னொரு படகு வெளிக்கிட்டது. என்னோடு தையல் படித்த மெற்றில்டா அதில் இருந்தாள். எங்கள் படகில் இடமில்லை என்று அடுத்ததில் ஏறினாள். அந்தப் படகு வரவில்லை. இந்தியக் கரையில் மூன்று நாள் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு நான் கடல் தண்ணீரைத் தொட்டதில்லை. நான் கண்டதற்குப் பயந்து உன்னை வீட்டில் வைத்தேன். அது பாசம் என்று நினைத்தேன். பாசம்தான், ஆனால் அதில் அநியாயமும் இருந்தது. அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது, இருபது வருடம் பிந்திக் கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள், அப்பன்.

நேற்று அங்கே இருந்தபோது, நாலு மணிக்கு வீட்டில் நிற்கவேண்டும் என்ற எண்ணத்தை விட்டேன். கடல் வரும்வரை நிற்பது என்று முடிவெடுத்தேன். சப்பாத்தைக் கழற்றிக் காருக்குள் வைத்தேன். கைப்பையும் போனும் அங்கேயே இருந்தன. காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, பிள்ளைகள் விளையாடுகிற கரையோரமாகச் சேற்றில் இறங்கினேன். குளிர்ந்த சேறு கால்விரல்களுக்கு நடுவால் பிதுங்கியது. கடல் கிடந்த இடத்தில் நான் நடந்துகொண்டிருந்தேன். சின்னச் சின்னப் புழுக்கள் மண்ணைச் சுருட்டி வைத்திருந்தன, சிப்பிகள் வாய் திறந்து கிடந்தன. பயந்தோடி வந்த கடலின் தரை இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று மணிக்குப் பிறகு, அந்த மனிதர் சொன்னது போலவே, தண்ணீர் வந்தது. அலை அடித்துக்கொண்டு வரவில்லை. தரையோடு தரையாக, சத்தமில்லாமல், என் காலடிகளை நிரப்பிக்கொண்டு வந்தது. கணுக்கால் வந்தது. நான் ஓடவில்லை. முழங்கால் வரை வந்தது. மெற்றில்டாவின் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொன்னேன். பிறகு நல்லாக அழுதேன், அழுது முடித்ததும் பசி எடுத்தது, கரைக்கு வந்து ஆறு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

காருக்குத் திரும்ப ஐந்து மணி. போனைப் பார்த்தால் பத்தொன்பது தவறிய அழைப்புகள். அதில் மூன்று அப்பா, மிச்சமெல்லாம் நீ. அப்பாவுக்கு எடுத்தேன், நீ எடுத்தாய். அப்பா நாலரை வரை பொறுத்துவிட்டு உனக்குச் சொல்லியிருக்கிறார், நீ வேலையில் இருந்து நேரே வந்திருக்கிறாய்.

"எங்கை நிக்கிறீங்கள்?"

"நோர்ட்டைஷிலை. ஒண்டும் இல்லை, மகன், கடல் வரப் பிந்திப்போச்சு."

"ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அடிச்சுக் கேட்டனான், அம்மா! அங்கையே நில்லுங்கோ. காரை எடுக்காதேங்கோ. நான் வந்து ஏத்துறன்."

"வேண்டாம்."

"அம்மா, ப்ளீஸ். நீங்கள் களைச்சுப்போயிருக்கிறீங்கள். உங்களாலை ஏலாது."

"ஏலும். நான் வாறன்."

போனை வைத்துவிட்டேன். உன் பேச்சை நான் தட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் காருக்குள் இருந்தேன், ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன், பிறகுதான் எடுத்தேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி இளைப்பாறினேன். இரவுக்கு முன்னமே, நல்ல வெளிச்சத்தில், எங்கள் தெருவுக்குள் திரும்பினேன்.

நீ வாசலில் வேலை உடுப்போடு நின்றாய். சத்தம் போட்டாய், அதைப் பற்றி எழுதிவிட்டேன். சத்தம் முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்தாய். பாசத்தில் பிடிக்கிறாய் என்று நினைத்தேன். பிறகுதான் உன் விரல்கள் என் மணிக்கட்டில் நாடி எண்ணுவது தெரிந்தது. என் நாடி ஒழுங்காகத்தான் ஓடியது. நடுங்கியவை உன் விரல்கள். எத்தனை பேருடைய கையை நடுங்காமல் பிடித்திருப்பாய், என் கையைப் பிடிக்கும்போது நடுங்கினாய். "வெள்ளிக்கிழமை டெர்மின் அப்பிடியே இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் உள்ளே வந்து இருந்து, நீயும் நானும் ஒரே ஆட்கள்தான் என்று யோசித்தேன். நான் தண்ணீரில் கண்டதை நினைத்து உன்னைக் கரையில் பூட்டினேன். நீ தெருவில் கண்டதை நினைத்து என்னை வீட்டில் பூட்டப் பார்க்கிறாய்.

நீ சொன்னது எல்லாம் பிழை என்று நான் சொல்லவில்லை. சொன்ன நேரத்துக்கு வராமல் போனையும் விட்டுவிட்டு நின்றது என் பிழை, இனி அப்படி நடக்காது. மழையிலும் பனியிலும் அவனை வெளியே எடுக்கமாட்டேன். அடுத்த மாதம் கண் டொக்டரிடம் போகிறேன். இனிப் போதும் என்று அவர் ஒருநாள் சொன்னால், அப்பா வைத்தது போலவே திறப்பை மேசையில் வைப்பேன், நீ கேட்கமாட்டாய், நானாகவே வைப்பேன். ஆனால் அதை வைக்கிறது என் கையாக இருக்கவேண்டும். உனக்கும் நாளைக்கு ஒரு பிள்ளை வரும். அது கப்பலில் ஏறும்போது உன் வயிறு எரியும். எரியட்டும், கையெழுத்தைப் போட்டுவிடு. உன் பயத்தைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பாதே.

இன்று காலை எட்டு மணிக்கு நான் அந்த அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்தேன். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு ஜேர்மன் அலுவலகத்துக்கு நான் தனியே எடுத்தது இதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டியதை முன்னமே பேப்பரில் எழுதி வைத்திருந்தேன், ஆனால் அந்தப் பெண் கேட்டது ஒன்றும் என் பேப்பரில் இருக்கவில்லை. குளிரூட்டிப் பெட்டியில் நீ ஒட்டியிருந்த டெர்மின் இலக்கத்தை வாசித்தேன். வெள்ளிக்கிழமை வரவில்லை, ரத்துச் செய்யுங்கள் என்றேன். வேறு நாள் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கார் ஓடுகிறது என்றேன். ஆர் ஓட்டுவது என்று கேட்டாள். நான் என்றேன். அப்படியென்றால் நல்ல பயணம் என்று சொல்லி வைத்தாள். திரும்பிப் பார்த்தால் அப்பா கதவடியில் நின்றார். "மகன் கதைக்கிறமாதிரியே கதைச்சீர்" என்றார்.

அதனால் நாளைக்கு உனக்கு ஒரு வேலையும் இல்லை, மகன். இனி இந்த வீட்டுக்கு வருகிற கடிதங்களை நான் திறக்கிறேன். விளங்காவிட்டால் அவர்களிடமே கேட்பேன், அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். எட்டு வயதில் இருந்து நீ எத்தனையோ கடிதங்களை எங்களுக்காகத் திறந்து வாசித்தாய், ஒன்றிலும் உன் பெயர் இருக்கவில்லை. இந்தக் கடிதம் உனக்கு வந்தது. மெல்ல வாசி. இதை நீ ஒருவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

உன் அம்மா